மாடுலர் கட்டடம் சுற்றுச்சூழலுக்கு நல்லதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டட வேலைத்தளத்தில் சில ஆண்டுகளும், மாட்யூல் செய்யும் தொழிற்சாலையில் சில ஆண்டுகளும் வேலை பார்த்திருக்கிறேன். அதனால் இந்தக் கேள்விகள் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. சுருக்கமான பதில் போதும் என்பவர்களுக்கு: நல்லதுதான். சுவர் எழும்புவதற்கு முன்பே எல்லா முடிவுகளையும் எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இதில் இருக்கிறது. பெரும்பாலான நன்மைகள் அங்கிருந்துதான் வருகின்றன. அந்தக் கட்டாயத்தை மதிக்காதவர்கள் கையில் இதுவும் இன்னொரு கட்டடம், அவ்வளவுதான்.

மாடுலர் என்றால் என்ன? ப்ரீஃபேப் என்பதும் இதுவும் ஒன்றா?

ப்ரீஃபேப் பெரிய குடும்பம், மாடுலர் அதில் ஒரு பிள்ளை. சுவர்ப் பலகை, கூரைச் சட்டம், படிக்கட்டு என எந்தப் பாகத்தை வேறிடத்தில் செய்து கொண்டுவந்தாலும் அது ப்ரீஃபேப். மாடுலரில் அறையே பெட்டியாக வந்து இறங்கும். தரை, சுவர், மேல்தளம், ஜன்னல், வயரிங், குழாய், பல நேரங்களில் குளியலறை டைல்ஸ் வரை தொழிற்சாலையிலேயே முடிந்திருக்கும். அஸ்திவாரம் தயாரானதும் லாரியில் கொண்டுவந்து கிரேனால் இறக்கி, பக்கத்துப் பெட்டியோடு போல்ட் போட்டு, குழாயையும் கேபிளையும் இணைப்பார்கள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு மாட்யூல்.

சுற்றுச்சூழலுக்குக் கண்ணுக்குத் தெரிந்த முதல் லாபம் எது?

கழிவு. உள்சுவரை மூடும் பலகையான ஜிப்சம் போர்டு ஒன்றை வைத்தே காட்டிவிடலாம்.

வழக்கமான போர்டு 1.2 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் நீளம். அறையின் உயரம் 2.7 மீட்டர் என்று வரைந்துவிட்டால் ஒவ்வொரு சுவரிலும் மேலே 30 சென்டிமீட்டர் திறந்து நிற்கும். 3.6 மீட்டர் நீளச் சுவரில் அதை மூட, இன்னொரு போர்டிலிருந்து 30 சென்டிமீட்டர் பட்டை மூன்று வெட்ட வேண்டும். மீதி ஒன்றரை மீட்டர் துண்டு கையில் நிற்கும். வேலைத்தளத்தில் அதை எங்காவது சுவரில் சாய்த்து வைப்பார்கள். சாயங்காலம் யாராவது அதன் மேல் பக்கெட்டை வைப்பார்கள், ராத்திரி சாரல் அடிக்கும், காலையில் பார்த்தால் மூலை உதிர்ந்து கிடக்கும். நேராகக் கழிவுத் தொட்டிக்குப் போய்விடும். எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை.

தொழிற்சாலையில் அதே போர்டின் கதை வேறு. நாற்பது மாட்யூலுக்கும் ஒரே அளவு என்பதால் தேவையான நீளத்திலேயே போர்டை ஆர்டர் செய்யலாம். இல்லையென்றால் வடிவமைப்பாளரோடு உட்கார்ந்து பேசி, அறையின் உயரத்தைப் போர்டுக்கு ஏற்ப மாற்றலாம். அப்படியும் துண்டு மிஞ்சினால் அது கூரைக்கு அடியில், நனையாமல், அடுத்த மாட்யூலுக்காகக் காத்திருக்கும்.

ஜிப்சத்தை நான் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குப்பைமேட்டில் ஈரத்தோடு காற்றில்லாமல் புதைந்தால், அதிலுள்ள சல்பேட்டை நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான், அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து. துண்டு மிஞ்சி வீணாவதில் மரம், கம்பி, கேபிள், டைல்ஸ் எல்லாவற்றுக்கும் போர்டின் கதைதான். கான்கிரீட்டில் இன்னும் மோசம். பாதியில் தீர்ந்துவிட்டால் வேலை நிற்குமே என்ற பயத்தில், லாரியில் கலந்து வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட்டை எப்போதும் கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள். மிஞ்சியதை எங்காவது மூலையில் கொட்டுவார்கள், அது அங்கேயே இறுகிக் கல்லாகிவிடும்.

கழிவு 90 சதவீதம் குறையும் என்று விளம்பரங்களில் போடுகிறார்களே?

பிரிட்டனில் கழிவுக் குறைப்புக்காக இயங்கும் ராப் அமைப்பின் பெயரில் பல ஆண்டுகளாகச் சுற்றிவரும் எண் அது. மூலத்தில் '90 சதவீதம் வரை' என்றுதான் இருக்கிறது. விளம்பரத்துக்கு வரும்போது அந்த 'வரை' காணாமல் போய்விடுகிறது.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். கட்டும் இடத்தில் கழிவு குறைந்தது என்றால் அது தொழிற்சாலைக்கு இடம் மாறியிருக்கலாம். இரண்டையும் சேர்த்து, ஒரு சதுர மீட்டர் தரைப்பரப்புக்கு எத்தனை கிலோ கழிவு என்று கேளுங்கள். முறையாக எடைபோடும் தொழிற்சாலையிடம் அந்த எண் இருக்கும்.

கார்பன் உண்மையிலேயே குறைகிறதா?

பெரும்பாலும் குறைகிறது. எவ்வளவு என்பது பொருளையும் வடிவமைப்பையும் பொறுத்தது. கட்டடங்களைக் கட்டுவதும் அவற்றில் விளக்கு, குளிரூட்டல், வெப்பமூட்டல் நடத்துவதும் சேர்ந்து, உலகின் ஆற்றல் சார்ந்த கார்பன் டைஆக்சைடில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். சிமென்ட் மட்டுமே உலக உமிழ்வில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம். சுண்ணாம்புக்கல்லை ஏறக்குறைய 1450 டிகிரி செல்சியஸில் சுடும்போது எரிபொருளின் புகை ஒருபக்கம் வருகிறது. அதைவிட அதிகமாக, கல்லுக்குள் அடைபட்டிருந்த கார்பன் டைஆக்சைடே பிரிந்து வெளியேறுகிறது. சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் இந்த இரண்டாவது பங்கு நிற்காது. அதனால் சிமென்டைக் குறைவாகப் பயன்படுத்துவதுதான் இன்றைக்குக் கைவசமுள்ள உறுதியான வழி. எஃகுச் சட்டத்திலோ மரத்திலோ செய்த மாட்யூல் எடை குறைந்தது. எடை குறைந்தால் அஸ்திவாரமும் சின்னதாகும், மண்ணைத் தோண்டுவதும் குறையும், ஜல்லியும் மணலும் குறையும். உலகம் ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி டன் மணலும் சரளையும் தோண்டுவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2022-ல் சொன்னது. அதில் சிறிதளவு மிச்சமானாலும் ஏதோ ஓர் ஆற்றின் கரை பிழைக்கும்.

ஆய்வுகளைப் பார்த்தால், 2022-ல் கேம்பிரிட்ஜ், எடின்பரோ நேப்பியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லண்டனின் உயரமான மாடுலர் குடியிருப்புகளை வழக்கமான முறையோடு ஒப்பிட்டார்கள். கட்டுமானக் கார்பன் 45 சதவீதம் வரை குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். அதற்குப் பத்தாண்டு முன்பு, 2012-ல், அமெரிக்க வீடுகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வும் சராசரியில் மாடுலருக்கே சாதகமாக வந்தது. ஆனால் அதே ஆய்வில் வீட்டுக்கு வீடு வித்தியாசம் பெரிதாக இருந்தது. எனக்கு இந்த இரண்டாவது செய்திதான் முக்கியமாகப் படுகிறது. கவனமாகக் கட்டிய சாதாரண வீடு, அலட்சியமாகச் செய்த மாட்யூலை முந்திவிடும்.

எதிர்ப்பக்கக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு மாட்யூலுக்கும் சொந்தமாக நான்கு பக்கமும் தரையும் மேல்தளமும் உண்டு. இரண்டை ஒட்டி வைத்தால் நடுவில் ஒரு சுவருக்கு இரண்டு சுவர், ஒரு மேல்தளத்தின் மேல் இன்னொரு தரை. கிரேனில் தொங்கும்போதும் லாரியில் குலுங்கும்போதும் தாங்குவதற்காகக் கூடுதல் எஃகும் போடுகிறோம். பயணம் முடிந்த பிறகு அந்த எஃகுக்குப் பெரிய வேலை இல்லை. நல்ல வடிவமைப்பாளர் இதைக் குறைப்பார், ஆனால் முற்றிலும் ஒழிக்க முடியாது.

எஃகு, மரம், கான்கிரீட்: எதில் செய்தது நல்லது?

கார்பன் மட்டும்தான் அளவுகோல் என்றால் மரம். காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். ஒரு கனமீட்டரில் 450 கிலோ காய்ந்த மரம் இருந்தால் அதில் 225 கிலோ கார்பன், அதாவது காற்றிலிருந்து மரம் உறிஞ்சிய சுமார் 825 கிலோ கார்பன் டைஆக்சைடு. கட்டடம் நிற்கும்வரை அது சுவருக்குள்ளேயே இருக்கும். வெட்டிய காட்டில் மறுபடி மரம் வளர வேண்டும், கட்டடத்தின் ஆயுள் முடிந்ததும் அந்த மரம் குப்பைமேட்டில் அழுகக் கூடாது. இரண்டும் நடந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

எஃகின் பலம் அதன் மறுசுழற்சி. இரும்புத்தாதிலிருந்து ஊதுலையில் செய்தால் ஒரு டன் எஃகுக்கு இரண்டு டன்னுக்கு மேல் கார்பன் டைஆக்சைடு வெளியேறும். பழைய இரும்பை மின்உலையில் உருக்கினால் அதில் சிறு பங்குதான். ஆகவே 'எஃகு மாட்யூல்' என்று யாராவது சொன்னால் எந்த எஃகு என்று கேட்க வேண்டும்.

கான்கிரீட் மாட்யூலும் உண்டு. சிங்கப்பூரில் 2019-ல் முடிந்த கிளெமென்ட் கேனபி குடியிருப்பின் இரண்டு 40 மாடிக் கோபுரங்கள் அப்படி அடுக்கியவைதான். தூசி, சத்தம், ஆள்பலம் எல்லாம் அதில் குறையும். சிமென்ட் மட்டும் குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

அவ்வளவு பெரிய பெட்டியை லாரியில் இழுத்து வருகிறார்களே, அந்தப் புகை கணக்கில் வராதா?

வரும், வர வேண்டும். நீங்களே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குதான். டிரெய்லர் 100 கிலோமீட்டருக்கு 35 லிட்டர் டீசல் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 500 கிலோமீட்டர் போக 175 லிட்டர். காலியாகத் திரும்பும்போது 100 கிலோமீட்டருக்கு 25 லிட்டர் என்றால் 125 லிட்டர். மொத்தம் 300 லிட்டர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டைஆக்சைடு, ஆக ஒரு மாட்யூலுக்கு 800 கிலோ சொச்சம். ஒரு டன் சிமென்ட் செய்தால் வெளியேறுவதும் ஏறக்குறைய இதே அளவுதான்.

ஆகவே அந்த மாட்யூல் ஒரு டன்னுக்கு மேல் சிமென்டைத் தவிர்த்தாலே பயணத்துக்கு ஈடு கட்டிவிடும். இதைவிடத் தூரம் கூடக் கூட லாபம் கரையும். மாட்யூலுக்குள் பாதிக்கு மேல் காற்றுதான், காற்றைச் சுமந்துகொண்டுதான் லாரி ஓடுகிறது. தொழிற்சாலை மிகத் தொலைவில் இருந்தால் சுவரையும் தரையையும் தட்டையான பலகைகளாகக் கொண்டுவந்து இடத்தில் பூட்டுவது மேல் என்பது என் கருத்து.

இன்னொரு பயணத்தை யாரும் எண்ணுவதில்லை. வழக்கமான கட்டுமானத்தில் மாதக்கணக்கில் தினமும் ஆட்கள் வந்து போகிறார்கள், சின்னச் சின்ன வண்டிகளில் பொருள் வந்துகொண்டே இருக்கிறது. அஸ்திவார வேலையும் மாட்யூல் வேலையும் ஒரே நேரத்தில் நடப்பதால் மாடுலரில் அந்த நாட்கள் பெரிதும் குறையும். கட்டுமான நேரம் 20 முதல் 50 சதவீதம் வரை மிச்சமாகலாம் என்று மெக்கின்சி ஆலோசனை நிறுவனம் 2019-ல் மதிப்பிட்டது.

பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு என்ன லாபம்?

தூசியும் சத்தமும் குறைந்த நாட்களே இருக்கும். டைல்ஸ் வெட்டுவது, கான்கிரீட்டைத் துளைப்பது, மரம் இழைப்பது எல்லாம் தொழிற்சாலைக்குள், தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் அருகில் நடக்கும். வேலை செய்பவரின் நுரையீரலுக்கும் அது பெரிய விஷயம். கான்கிரீட்டையும் கல்லையும் வெட்டும்போது பறக்கும் சிலிக்காத் தூள் உள்ளே போனால் திரும்ப வெளியே வராது.

குடியேறிய பிறகு மின்சாரச் செலவு குறையுமா?

குறைய வாய்ப்பு அதிகம். தொழிற்சாலையில் சுவர்ச் சட்டத்தைப் படுக்க வைத்து, நல்ல வெளிச்சத்தில், இடுப்பு உயரத்தில், வெப்பத்தைத் தடுக்கும் இன்சுலேஷனை அடைப்பார்கள். ஏணியில் தொங்கிக்கொண்டு அடைப்பதைவிட அது இறுக்கமாக இருக்கும். காற்றுக்கசிவைக் கதவில் மின்விசிறி பொருத்தி, 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசத்தில் அளப்பார்கள். மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் கட்டடங்களுக்கான பாஸிவ்ஹவுஸ் தரத்துக்கு மணிக்கு 0.6 முறைக்கு மேல் உள்காற்று மாறக் கூடாது.

பலவீனமான இடம் இரண்டு மாட்யூல் சேரும் மூட்டு. தொழிற்சாலையில் எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாலும் அந்தக் கோட்டை மூடுவது கட்டும் இடத்தில், அவசரத்தில், சில நேரம் காற்றடிக்கும்போது. அதனால் சோதனையை மாட்யூலில் மட்டும் செய்தால் போதாது, முழுக் கட்டடமும் சேர்ந்த பிறகு செய்ய வேண்டும்.

வெயில் கடுமையான இடங்களில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். லேசான சுவருக்கு வெப்பத்தைத் தாங்கி வைத்துக்கொள்ளும் தன்மை கிடையாது. வெளியில் நிழல் தரும் சட்டம், வெளிர்நிறக் கூரை, குறுக்குக் காற்றோட்டம் எதுவும் இல்லாமல் பெட்டியை அப்படியே வைத்தால் மதியத்தில் அடுப்பாகும். சுவரில் மிச்சம் பிடித்த கார்பனைக் குளிர்சாதனம் சில ஆண்டுகளில் தின்றுவிடும்.

மழையில் நனைந்தால் என்ன ஆகும்?

நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். முடிந்த மாட்யூல்களை வெட்டவெளியில் பிளாஸ்டிக் உறை போட்டு நிறுத்தியிருந்தோம். கட்டும் இடம் தயாராகாமல் வாரக்கணக்கில் காத்திருந்தன. ஒன்றின் உறையில், கிரேன் கொக்கி மாட்டும் மூலையில், கை நுழையும் அளவுக்குக் கிழிசல். யாரும் கவனிக்கவில்லை. கதவைத் திறந்தபோது வந்த புழுங்கல் வாடை இன்னும் நினைவிருக்கிறது. போர்டின் அடிப்பக்கத்தில் சாம்பல்நிறப் பூஞ்சை முழங்கால் உயரம் வரை ஏறியிருந்தது. கையை வைத்தால் காகிதம் உரிந்து வந்தது. உள்பூச்சு, இன்சுலேஷன், தரைப்பலகை எல்லாவற்றையும் பிய்த்து எறிந்து முதலிலிருந்து செய்தோம். அந்த ஒரு பெட்டியில் நாங்கள் மிச்சம் பிடித்த கழிவு, கார்பன் எல்லாம் அன்றைக்கே போயின.

கட்டும் இடத்தின் தேதியும் தொழிற்சாலையின் தேதியும் பொருந்தாததுதான் மூலகாரணம். கிழிசல் அதன் விளைவு. அன்றிலிருந்து, அஸ்திவாரம் முடியும் தேதி உறுதியாகாமல் எந்த மாட்யூலையும் வெளியே எடுக்க நான் சம்மதித்ததில்லை.

பழைய ஷிப்பிங் கன்டெய்னரை வீடாக்குவது இன்னும் பசுமையானதா?

படத்தில் அழகாக இருக்கும். கன்டெய்னரின் பலம் அதன் மூலைத்தூண்களிலும் நெளிவுத் தகட்டுச் சுவரிலும் இருக்கிறது. ஜன்னலுக்கும் கதவுக்கும் வெட்டிய உடனே புது எஃகை வைத்துப் பலப்படுத்த வேண்டும். உள் அகலம் சுமார் 2.35 மீட்டர்தான், இன்சுலேஷன் போட்டால் அதுவும் சுருங்கும். தரையில் இருக்கும் பிளைவுட்டில் பெரும்பாலும் பூச்சிக்கொல்லி ஏற்றியிருப்பார்கள். குடியிருக்கும் இடத்துக்கு அது கூடாது, பெயர்க்க வேண்டும். ஒரே ஒருமுறை கடல் கடந்த புதுப் பெட்டியை வாங்கி 'மறுபயன்பாடு' என்று சொல்வதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நல்ல எஃகை உருக்காமல் பயன்படுத்த வேண்டுமென்றால், உண்மையிலேயே கப்பல் வேலைக்கு உதவாமல் போன பெட்டியைக் கிடங்காகவோ தற்காலிக அலுவலகமாகவோ வைத்துக்கொள்ளலாம்.

மாடுலர் கட்டடம் நீண்ட நாள் நிற்குமா?

நிற்கும். அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் 1968-ல் கட்டிய ஹில்டன் பலாசியோ டெல் ரியோ ஹோட்டலின் அறைகள் கான்கிரீட் மாட்யூல்களாக வந்து கிரேனில் அடுக்கப்பட்டவை. அரை நூற்றாண்டு தாண்டியும் அங்கே விருந்தினர்கள் தங்கினார்கள். நூறாண்டு நிற்கும் கட்டடம், முப்பதாண்டில் இடிபடும் மூன்று கட்டடங்களின் வேலையை ஒரே முறை கட்டிய கார்பனில் முடித்துவிடும்.

பிரித்து வேறிடத்தில் மறுபடி கட்டலாம் என்கிறார்களே?

இந்த முறையின் மிகப் பெரிய வாக்குறுதி இதுதான். மிகக் குறைவாக நிறைவேறியதும் இதுதான்.

டோக்கியோவில் கிஷோ குரோகாவா வடிவமைத்த நகாகின் கேப்ஸ்யூல் கோபுரம் 1972-ல் எழுந்தது. இரண்டு கான்கிரீட் தண்டுகள், அவற்றில் நான்கு நான்கு போல்ட்டுகளில் மாட்டிய, சிறு அறைப் பெட்டிகளான 140 கேப்ஸ்யூல்கள். ஏறத்தாழ 25 ஆண்டுக்கு ஒருமுறை பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவது திட்டம். ஐம்பது ஆண்டில் ஒன்றுகூட மாற்றப்படவில்லை. கீழேயுள்ள ஒன்றை எடுக்க மேலேயுள்ளவற்றையும் எடுத்தாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு உரிமையாளர், எல்லோரும் ஒரே நாளில் சம்மதிக்க வேண்டும். குழாய்கள் துருப்பிடித்தன, ஈரம் இறங்கியது, 2022-ல் கோபுரத்தைப் பிரித்தார்கள். 23 கேப்ஸ்யூல்கள் மட்டும் காப்பாற்றப்பட்டன. போல்ட் இருந்தது, ஆனால் அதை யார், எந்த வரிசையில், யார் செலவில் கழற்றுவது என்பதற்கு ஏற்பாடு இல்லை.

கத்தாரில் 2022 உலகக் கோப்பைக்காகக் கட்டிய ஸ்டேடியம் 974 இன்னொரு உதாரணம். 974 கப்பல் பெட்டிகள் அதில் இருக்கின்றன, முழுவதையும் பிரித்து வேறெங்காவது கொண்டுபோகலாம் என்பது எண்ணம். ஆனால் போட்டி முடிந்த கையோடு அது இடம் மாறவில்லை. பிரிக்கும்படி கட்டக் கூடுதல் எஃகு வேண்டும். மறுபடி பயன்படுத்தினால்தான் அந்தக் கூடுதல் ஈடாகும், அதுவும் எத்தனை முறை, எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து.

இது நன்றாக நடக்கும் இடங்களும் உண்டு. பள்ளிகளின் கூடுதல் வகுப்பறை, கட்டுமானத் தளத்தின் அலுவலகம், தற்காலிக மருத்துவப் பிரிவு. இவற்றில் ஒரே நிறுவனம் பெட்டிகளை வாடகைக்கு விட்டு, திரும்ப எடுத்து, பழுதுபார்த்து, அடுத்தவருக்கு அனுப்புகிறது. பெட்டி யாருக்குச் சொந்தம் என்பதில் குழப்பமே இல்லை.

எப்போது மாடுலர் வேண்டாம் என்பீர்கள்?

அந்த இடத்தில் ஏற்கெனவே உறுதியான கட்டடம் நின்றால். அதை இடித்துவிட்டு எவ்வளவு பசுமையான மாட்யூலை வைத்தாலும், பெரும்பாலும் பழையதைச் செப்பனிட்டு இன்சுலேஷன் போடுவதே குறைந்த கார்பனில் முடியும். மனை கோணல்மாணலாக இருந்து ஒரு அறை போல் இன்னொன்று வராது என்றாலும் வேண்டாம். ஒரே மாதிரியானவை திரும்ப வரும்போதுதான் தொழிற்சாலையின் சிக்கனம் வேலை செய்யும். டிரெய்லர் திரும்பவும் கிரேன் நிற்கவும் வழியில்லாத, மரங்களை வெட்டித்தான் உள்ளே கொண்டுவர வேண்டும் என்ற இடத்திலும் வேண்டாம்.

தயாரிப்பாளரிடம் என்ன கேட்க வேண்டும்?

முதலில், வடிவமைப்பை எந்தத் தேதியில் முடித்து மூடுவீர்கள் என்று கேளுங்கள். அதற்குப் பிறகு நீங்களும் எதையும் மாற்றாதீர்கள். தயாரிப்பு தொடங்கிய பின் 'அந்த ஜன்னலைக் கொஞ்சம் நகர்த்துங்கள்' என்று சொன்னால், செய்து முடித்த சட்டத்தை வெட்டி எறிய வேண்டிவரும்.

பிறகு பொருள்களின் சுற்றுச்சூழல் அறிக்கை, கழிவின் எடைக்கணக்கு, முழுக் கட்டடத்தின் காற்றுக்கசிவுச் சோதனை முடிவு, பயணத் தூரம். மாட்யூல்கள் எத்தனை நாள் வெளியில் நிற்கும், எந்த உறையில் நிற்கும் என்பதையும் கேளுங்கள். முடிந்தால் தொழிற்சாலைக்கு ஒரு நடை போய்வாருங்கள். அலங்கரித்த மாதிரி அறையைக் காட்ட அழைப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுக் கழிவுத் தொட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டு, மூடியைத் திறந்து உள்ளே என்ன கிடக்கிறது என்று பாருங்கள்.

கடைசியாக, பிரிக்கும் வரைபடம். எந்த போல்ட்டை முதலில் கழற்றுவது, தூக்குக் கொக்கி எங்கே மாட்டுவது, ஒவ்வொரு மாட்யூலின் எடை என்ன, மேலே இருப்பதைத் தொடாமல் எதை எடுக்கலாம் என்று அதில் இருக்க வேண்டும். இரண்டு பிரதி வாங்குங்கள். ஒன்றைப் பத்திரங்களோடு வையுங்கள், இன்னொன்றை மின்சாரப் பெட்டியின் கதவுக்குப் பின்னால், நனையாத உறையில் ஒட்டிவையுங்கள். கட்டடம் கைமாறினாலும் அது அங்கேயே இருக்கும்.